அசல் பித்து

பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஸ்போர்ட்ஸ் கார் கலாசாரம் என்று ஒன்று கிடையாது. திருச்சி – சென்னை நான்கு வழிச்சாலையில் எப்போதாவது ஒன்று பெரம்பலூரைச் சீறிக் கடந்து போவதோடு சரி. ஆனால் ஒரு தலைமுறை வண்டியின் உள்ளுறுப்பை எடுத்து இன்னொரு தலைமுறை வண்டிக்குள் பொருத்தும் வித்தை இவ்விரு ஊர்களுக்கும் அந்நியமானதல்ல. அங்கே அது யமஹா ஆர்.எக்ஸ். 100 என்னும் இருசக்கர வாகனத்தின் மீது நிகழ்கிறது. அந்த வித்தையை இழிவாகப் பேசுவதையே தம் ரசனைக்குச் சான்றிதழாகக் கொண்ட ஒரு கூட்டம் சமீப ஆண்டுகளில் பெருத்திருக்கிறது. 'அசல்' என்ற ஒற்றைச் சொல்லே அவர்களின் வேதம். இக்கட்டுரை அவர்களோடு சண்டை போடுவதற்கென்றே எழுதப்படுகிறது. நடுநிலையை எதிர்பார்த்து வருபவர்கள் மன்னிக்க.

இலக்கியம் வாசிப்பவர்களுக்கு வண்டிப் பட்டறையில் என்ன வேலை என்ற கேள்வி எழலாம். வேலை உண்டு. 'அசல்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நூற்றைம்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருபவர்கள் நாம்தானே. ஏட்டுச்சுவடியில் எது மூலம், எது பாடபேதம், எது இடைச்செருகல் என்று அடித்துக்கொண்ட மரபில் வந்தவர்களுக்கு இந்த விவகாரத்தில் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கும்?

முதலில் வண்டி. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985இல் ஆர்.எக்ஸ். 100ஐக் கொண்டுவந்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின், 98 சி.சி., பதினொரு குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. இந்த எண்களைப் பார்த்து இன்றைய இளைஞன் சிரிக்கலாம்; ஏறி ஒரு முறை ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சிரிப்பு நின்றுவிடும். 1996இல் உற்பத்தி நின்றது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளை அந்த இன்ஜினால் தாண்ட முடியவில்லை. அதே குடும்பத்தில் ஆர்.எக்ஸ். 135 வந்தது, முதலில் நான்கு கியர், பின்னர் ஐந்து கியர். அதுவும் 2000களின் நடுவில் விடைபெற்றது. ஆக, இன்று சாலையில் ஓடும் ஆர்.எக்ஸ். 100 ஒவ்வொன்றுக்கும் முப்பது வயதாவது ஆகிறது. முப்பது வருடம் ஓடிய டூ ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன், ரிங், கிராங்க் பேரிங், கிளட்ச் பிளேட், செயின் இவையெல்லாம் எத்தனை முறை மாறியிருக்கும் என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா? அப்படி மாறாமல் ஒரு வண்டி இருக்கிறதென்றால் அது ஓடவில்லை, ஏதோ ஒரு கொட்டகையில் தூங்கியிருக்கிறது என்றுதான் பொருள்.

இந்தக் குடும்பத்துக்குள் உறுப்பு மாற்றம் ஏன் சாத்தியமாகிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆர்.எக்ஸ். 100இன் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 50 மில்லிமீட்டர். 135இல் விட்டம் 58, ஏறி இறங்கும் தூரம் அதே 50. கிராங்கின் வீச்சு ஒன்றாக இருப்பதால் 135இன் பிளாக்கைத் தூக்கி நூறின் மேல் உட்காரவைக்கும் ஆசை எந்த மெக்கானிக்குக்கும் வரும். ஆனால் ஆசைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் லேத் பட்டறை இருக்கிறது. பெரிய பிளாக்கின் அடிக்கழுத்து பருமனானது; கிராங்க் கேஸின் வாயைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். கடைசல் ஒரு நூல் கோணினால் பிளாக் சரிந்து உட்காரும். கேஸ்கெட்டில் காற்று ஒழுகும். ஒழுகினால் பெட்ரோல் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பெரிய பிஸ்டன் எடையும் கூடியது. சின்னப் பிஸ்டனுக்காகச் சமன் செய்யப்பட்ட கிராங்க் அதிரும். கார்ப்பரேட்டரின் ஜெட் மாற வேண்டும், இக்னிஷன் டைமிங் பார்க்க வேண்டும், சைலன்சரின் வயிறு புதிய மூச்சுக்கு ஒத்துப்போக வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது புகை போகும் குழாய் மட்டுமல்ல, இன்ஜினின் பாதி நுரையீரல். ஐந்து கியர் பெட்டியின் உள்ளுறுப்பையும் சேர்த்து ஏற்றினால் இன்னொரு வாரம் போகும். இவ்வளவையும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒருவர் காதாலும் விரல் நுனியாலும் சரிபார்க்கிறார். அவரைப் பார்த்துத்தான் நம் அசல்வாதி உதட்டைப் பிதுக்குகிறார்: "வண்டியைக் கெடுத்துவிட்டான்!"

யார் இந்த அசல்வாதி? பெரும்பாலும் பெருநகரவாசி. சிறுவயதில் மாமாவோ சித்தப்பாவோ வைத்திருந்த வண்டியின் மீது ஏக்கம் கொண்டவர். இப்போது காசு இருக்கிறது. ஊர் ஊராக ஆள் விட்டுத் தேடுகிறார். அவருக்கு வண்டி ஓட வேண்டுமென்பதில்லை, எண்கள் ஒத்துப்போக வேண்டும். சேஸிஸ் எண், இன்ஜின் எண், தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களின் முத்திரை இவற்றுக்கே விலை. ஒரு சின்ன முத்திரைக்காகப் பல ஆயிரங்களைக் கூடுதலாகக் கொடுக்க ஆள் இருந்தால் அந்த முத்திரையைப் பொறித்துக் கொடுக்கவும் ஆள் வந்துவிடுவான். எண்ணைச் சுரண்டி மறுபடி பொறிக்கும் கள்ளத்தொழில், பட்டறைகளின் கலப்பு வேலையால் வளர்ந்ததல்ல. கலப்பை அருவருத்து எண்ணைக் கும்பிடும் இந்தப் பக்தியால் வளர்ந்தது. பிளாக்கை மாற்றிய மெக்கானிக் மாற்றியதைச் சொல்லித்தான் விற்கிறார். அதில்தான் அவருடைய பெருமையே இருக்கிறது. மாற்றாததாகச் சொல்லி விற்பவன் யாருக்காகப் பொய் சொல்கிறான் என்பதை அசல்வாதி கண்ணாடியில் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது காருக்கு வருவோம். அசல் என்பது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலை என்பது இவர்களின் இலக்கணம். தொழிற்சாலைகள் என்ன செய்தன என்று பார்த்தால் இந்த இலக்கணம் சிரிப்பாய்ச் சிரிக்கிறது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் இருந்தது. அது 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டின் தமிழ்நாட்டுப் பிள்ளை. அதே ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கி, அதே உறுப்புகளை வைத்து 1962இல் பிரிட்டிஷ்காரர்கள் செய்ததுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார். நமது நடுத்தர வர்க்க டாக்டரும் வக்கீலும் ஓட்டிய ஹெரால்டு ஒரு பந்தயக் குதிரையின் உடன்பிறப்பு என்பது பலருக்குத் தெரியாது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியே ஆடும் வகை. நம் ஊர்ச் சாலைகளிலும் நம் ஊர் மெக்கானிக்குகளிடமும் அதற்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. 1972இல் அதே 948 சி.சி. இன்ஜினை வைத்துக்கொண்டு, பின்பக்கம் மட்டும் பழைய பாணி ஒற்றை இரும்பு ஆக்ஸிலைப் போட்டு 'கெசல்' என்று பெயர் சூட்டி நிறுவனமே விற்றது. பட்டறைக்காரன் செய்தால் கெடுத்தல். கம்பெனி செய்தால் புது மாடல்!

இதைவிட வேடிக்கை ஸ்டாண்டர்ட் 2000. பிரிட்டனில் 1976இல் வந்த ரோவர் எஸ்.டி.1, 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் இன்ஜினோடு அறிமுகமான கார். 1977இல் ஐரோப்பாவின் ஆண்டுக்கான கார் என்ற விருதைப் பெற்றது. 1985இல் அந்த உடலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே என்ன வைத்தார்கள்? 1947இல் ஸ்டாண்டர்ட் வேன்கார்டு காருக்காகப் பிறந்த குடும்பத்து நான்கு சிலிண்டர் இன்ஜின், 1991 சி.சி. இந்த இன்ஜின் குடும்பத்தின் வரலாறு தனி நாவல். ஃபெர்கூசன் டிராக்டரை இழுத்தது இதுதான். சிலிண்டருக்குள் கழற்றி மாட்டக்கூடிய உறை வைத்த அமைப்பு என்பதால், 85 மில்லிமீட்டர் உறையை 83 ஆக மாற்றி, 2088 சி.சி.யை 1991 ஆக இறக்கி, 1953இல் ட்ரையம்ஃப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்குள் வைத்தார்கள். பின்னால் வந்த டி.ஆர்.4இல் உறை 86 ஆகி இன்ஜின் 2138 சி.சி. ஆனது. உழவு மாட்டுக்குப் பதில் வந்த இயந்திரமும் பந்தயத்துக்குப் போன இயந்திரமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அந்தக் கிழ இன்ஜினைத்தான் நாற்பது ஆண்டுகள் கழித்து ரோவரின் நவீன உடலுக்குள் செருகி 'அசல்' என்று விற்றார்கள். பெரிய உடல், சின்ன மூச்சு, தாகமோ பெரிய தாகம்; 1988இல் கடை கட்டியாகிவிட்டது. இந்தப் பொருந்தாத் திருமணத்தைப் பெரம்பலூர் மெக்கானிக் எவரும் நடத்தி வைத்திருக்க மாட்டார். ஆனால் இன்றைக்கு ஒருவர் தம் ஸ்டாண்டர்ட் 2000க்குள் ரோவரின் சொந்த இன்ஜினை வைத்தால் அசல்வாதி முகம் சுளிப்பார். அந்த உடலுக்கு எது சொந்தம் என்ற கேள்விக்கு அவரிடம் விடை கிடையாது. ஆலை எதை வைத்ததோ அதுதான் விடை.

ஸ்பிட்ஃபயர்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மவர்களைவிடத் தெளிவானவர்கள். பழைய ஸ்பிட்ஃபயரின் டிஃபரன்ஷியல் விகிதம் 4.11, நான்காவது தலைமுறையில் அது 3.89. பின்னதைக் கழற்றி முன்னதில் மாட்டினால் அதே வேகத்தில் இன்ஜின் சுற்றுவது நூற்றுக்கு ஐந்து பங்கு குறையும். நெடுஞ்சாலையில் காதுக்கு நிம்மதி. வேகமானிக்குக் கியர்பாக்ஸிலிருந்து கம்பி போவதால் அதே ஐந்து பங்கு அது குறைத்துக் காட்டும், அதையும் திருத்த வேண்டும். இதை அங்கே யாரும் பாவமாகக் கருதுவதில்லை. பிரிட்டனில் நெடுங்காலம் கடைப்பிடிக்கப்பட்ட ஒரு மதிப்பெண் முறையை இங்கே சொல்வது தகும். பெரிதும் மாற்றப்பட்ட வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள எட்டு மதிப்பெண் தேவை. மாற்றப்படாத சட்டகத்துக்கு ஐந்து. சஸ்பென்ஷன், ஆக்ஸில்கள், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு. இன்ஜினுக்கு ஒன்றே ஒன்று. ஆம், நாம் கோயில் கட்டிக் கும்பிடும் இன்ஜினுக்கு ஒரே ஒரு மதிப்பெண்.

நமது சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காஸ், மின்கலம் போன்ற வேறு எரிபொருளுக்கு மாறுவதற்கு வழி உண்டு. ஒப்புதல் பெற்று அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை மாற்றுவதற்கும் வழி உண்டு. அண்ணன் வண்டியின் உறுப்பைத் தம்பி வண்டியில் வைப்பதற்கு மட்டும் வழி இல்லை.

சட்டத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் அது பொறுப்பற்ற பேச்சு. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட்டும் ஏற்றிய டிப்பர்கள் இரவு பகலாக ஓடும் அரியலூர்ச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 98 சி.சி.க்கென்று செய்யப்பட்ட டிரம் பிரேக்கோடு பெரிய பிளாக்கை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமல், முன்னால் போகும் லாரியின் புழுதிக்குள் நுழைந்து முந்தப் பார்க்கும் பையனுக்காக நாம் ஒரு வரிகூட வாதாடப் போவதில்லை. வேகம் கூட்டும் உறுப்பை மட்டும் மாற்றி நிறுத்தும் உறுப்பை மறந்த வேலை அரைகுறை வேலை. நல்ல மெக்கானிக் அதைச் செய்ய மறுக்கிறார். நமது குற்றச்சாட்டு வேறு. இச்சட்டம் அந்த நல்ல மெக்கானிக்கையும் அரைகுறையையும் ஒரே தட்டில் வைக்கிறது. சிலிண்டர் பிளாக் மாறினாலும் கிராங்க் கேஸில் பொறித்த எண் மாறுவதில்லை. எண்ணைப் பார்த்துத் தலையாட்டும் சோதனையில் ஆபத்தான கலப்பு தேறிவிடுகிறது. பிரேக்கையும் சேர்த்து மாற்றிய ஒழுங்கான வண்டி, வெளியே தெரிவதால், மாட்டிக்கொள்கிறது. சொன்னவனுக்கு அபராதம், மறைத்தவனுக்குச் சாலை.

இந்த இடத்தில்தான் நமது மரபை அழைக்க வேண்டியிருக்கிறது. உ.வே. சாமிநாதையர் சிறுவனாக வளர்ந்ததும் படித்ததும் இந்த மண்ணில்தான். அன்றைக்கு அரியிலூர் என்று வழங்கிய அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் கேட்டார்; குன்னத்தில் இருந்தார்; பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை படித்தார். அவர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அவர் கையில் 'அசல்' என்று ஒன்று இருந்ததா? இல்லை. பல ஊர்ச் சுவடிகள் இருந்தன. ஒன்றில் சிதைந்த வரி இன்னொன்றில் முழுதாக இருந்தது. எந்தச் சுவடி சொல்வதை ஏற்பது என்று முடிவு செய்து, மற்றச் சுவடிகள் சொல்வதைப் பாடபேதமாக அடிக்குறிப்பில் கொடுத்தார். நாம் இன்று வாசிக்கும் நூல் இப்படிப் பல உடல்களிலிருந்து உறுப்பு சேர்த்து எழுப்பப்பட்டது. அதைப் போலி என்று எவனாவது சொன்னால் நாம் சும்மா விடுவோமா? அதே சமயம், தாமே எழுதிய பாட்டைப் புலவன் பெயரில் நுழைத்தவரை நாம் மன்னித்ததுண்டா? இரண்டிலும் கலப்புதான் நடந்தது. ஒன்றில் குறிப்பு இருக்கிறது, மற்றதில் இல்லை.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு கல்மரம் படுத்திருக்கிறது. பதினெட்டு மீட்டருக்கும் மேற்பட்ட நீளம். 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகத்துக்கு அறிவித்தார். ஏறத்தாழ பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடி மண்ணில் புதைந்த அந்த மரத்தின் இழைகள் இருந்த இடத்தில் சிலிக்கா குடிபுகுந்து அது கல்லாகிவிட்டது. அதற்கு வேலி போட்டு அரசாங்கமே காவல் காக்கிறது. அசல்வாதிகள் அங்கே போய் 'இது மரமில்லை, ஒரிஜினல் உறுப்பு ஒன்றுகூட இல்லை' என்று முழங்கிப் பார்க்கலாம். மறுபக்கம், அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரம். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காக அக்கோயிலின் மதிலையும் இடிந்த கோபுரத்தையும் பெயர்த்துக் கல்லை எடுத்துப் போனார்கள். அணைக்கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்பவர் எந்தக் கல் எங்கிருந்த கல் என்று சொல்ல முடியுமா? கல் வீணாகவில்லை, உழவனுக்குத் தண்ணீர் தந்தது, சரி. ஆனால் எங்கே எது இருந்தது என்று எழுதிவைக்காமல் செய்த உறுப்பு மாற்றம் அது, இழப்பு இழப்புதான்.

நாம் பார்த்த ஒரு பட்டறையில் மெக்கானிக் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். வண்டி எண், தேதி, எந்த வண்டியிலிருந்து எந்த உறுப்பு வந்தது, எத்தனை நூல் கடைந்தது, என்ன ஜெட் போட்டது, பிரேக்கில் என்ன செய்தது, எல்லாம் கோணல் மாணலான எழுத்தில். ஓரிடத்தில் "அதிருது, பத்து நாள் கழிச்சு வரச் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறார். நமது கல்விப்புலப் பதிப்பாசிரியர்கள் பலரின் அடிக்குறிப்பைவிட இது நேர்மையானது என்று சொன்னால் வீண் பகை வரும், சொல்லிவிடுகிறோம். அந்த நோட்டுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. போலீஸ் கையில் கிடைத்தால் அவருக்கு எதிரான சாட்சியமாகலாம் என்பதால் வெளியே காட்டவும் தயங்குகிறார். அவருக்குப் பின் அந்தக் கை இருக்காது. அவருடைய பையன்கள் கணினிக்குப் போய்விட்டார்கள்.

நாம் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. பெரம்பலூரின் டி.என். 46, அரியலூரின் டி.என். 61 அலுவலகங்களில் மோட்டார் வாகன ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வண்டியை ஓட்டிப் பார்க்கத் தெரியும், பிரேக்கைச் சோதிக்கத் தெரியும், புகையை அளக்கக் கருவி உண்டு. ஒரே நிறுவனத்தின், ஒரே குடும்பத்தின் உறுப்பை மாற்றினால் அதை எழுதித் தருவதற்கு ஒரு படிவம், சோதித்துப் பார்க்க ஒரு கட்டணம், தேறினால் ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வரி. தேறாவிட்டால் கழற்று என்று சொல்லட்டும், அதற்குக் கட்டுப்படுவோம். இதற்கு மைய அரசின் சட்டத்தில் ஓர் உட்பிரிவு சேர வேண்டும் என்பது தெரிந்ததே. எரிபொருள் மாற்றத்துக்கு இடம் கொடுத்த சட்டத்துக்கு இது ஆகாத காரியமல்ல. ஆனால் வேண்டுமென்று கேட்பதற்கு ஆள் வேண்டும். பழைய வண்டிச் சங்கங்களில் செல்வாக்குள்ள கனவான்கள்தான் கேட்கக்கூடியவர்கள்; அவர்களோ எண் ஒத்துப்போகிறதா என்று பூதக்கண்ணாடியோடு குனிந்திருக்கிறார்கள்.

எதிர்வினை எழுத விரும்புபவர்களை வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிட்டு மேலே செல்லட்டும். உங்கள் அடுத்த பழங்கார் அணிவகுப்புக்கு ஒருவர் ஸ்டாண்டர்ட் 2000ஐ ஓட்டி வருகிறார். உடல் 1976, இன்ஜின் 1947இன் வம்சம், பெயர்ப்பலகை 1985. அதை எந்த வரிசையில் நிறுத்துவீர்கள்?